அனைத்துக்கும் சம்மதம்

எங்கள் ஹார்கன்ஸீலில் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் டோம்கே உப்பெனைத் தெரியும் என்பார்கள். பதினெட்டு வருஷம் மாவட்டப் பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் உட்கார்ந்து மரண அறிவிப்பு, கல்யாண அறிவிப்பு, உருளைக்கிழங்கு மூட்டை விற்பனை எல்லாம் எழுதி வாங்கியவள். பத்திரிகை எங்கள் ஊர்க் கிளையை மூடியதும் ஒரு வாரம் சும்மா இருந்தாள். பிறகு தன் சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இணையத்தில் அதே வேலையை ஆரம்பித்தாள்.

ரூர் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து கடலுக்கு வரும் ஒரு குடும்பம், குழந்தை சைக்கிள் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று செல்பேசியில் தட்டினால் முதலில் எங்கள் ஃபோக்கோவின் கடை வரவேண்டும். புகைபோட்ட விலாங்கு மீன் என்று தட்டினால் துறைமுகத்து மீன்கடை வரவேண்டும். அதுதான் அவள் வேலை. எளிதாக நடந்துவிடவில்லை. தங்கள் வீட்டின் படம் இணைய வரைபடத்தில் தெரியக்கூடாதென்று எழுதிக் கொடுத்து மங்கலாக்க வைத்தவர்கள் எங்கள் ஆட்கள். ரொட்டிக்கடை ஹாயோ அவளிடம், "என் ரொட்டி எங்க கிடைக்கும்னு தெரியாதவனுக்கு என் ரொட்டி எதுக்கு?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்க எல்லாம் வருஷா வருஷம் தேவாலயத்துப் பின்னாடி கல்லறையில படுக்கப் போறாங்களே ஹாயோ, அப்புறம் யாருக்கு விப்பீங்க?" என்றாள் டோம்கே. அவர் சிரித்துவிட்டு கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு இரண்டு விதிகள் இருந்தன. பொய் விமர்சனம் எழுதவோ எழுதச் சொல்லவோ கூடாது. வாடிக்கையாளர் எழுதும் எந்த விமர்சனத்துக்கும் ஒரே நாளில் பதில் போட வேண்டும், கடைக்காரர் பெயரில், மரியாதையாக. அந்த இரண்டாவது விதியால்தான் எல்லாம் வந்தது என்று அவள் சொல்வாள். என்னைக் கேட்டால் என்னால்தான். அவளை இனேஸிடம் அனுப்பியவளே நான்.

என் பெயர் கேஷே. அணைத்தெரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் இனேஸ் நோவாக் இருந்தாள். நாட்டின் கிழக்கிலிருந்து, கொட்புஸ் பக்கத்திலிருந்து, நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தவள். தையல் வேலை. ஜிப் மாற்றுவது, கால்சட்டை மடிப்பது, படகுப் பாய் உறை தைப்பது. மணி அடிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் பெயர்ச்சீட்டு கிடையாது. இடது கையில் இரண்டு விரல்கள் வளையாது. குளிர்காலத்தில் என்னிடம் வலிக் களிம்பு வாங்குவாள். என்ன ஆச்சு என்று நான் கேட்டதில்லை. இங்கே யாரும் கேட்கமாட்டோம். அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவளுக்கு வேலை அனுப்பிக்கொண்டிருந்த பக்கத்து ஊர் சலவைக்கடை மூடியது. ஜன்னலுக்குள்ளே அவள் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு டோம்கேயிடம் சொன்னேன். அவள் அன்றைக்கே போனாள்.

இனேஸ் முதலில் கேட்டது, பெயர் போடாமல் செய்ய முடியுமா என்பதுதான். முடியாது. தொழில் நடத்தும் எந்த இணையப் பக்கத்திலும் நடத்துபவரின் பெயர், தெரு, வீட்டு எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். இல்லையென்றால் எங்கிருந்தோ ஒரு வக்கீல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார். அப்படியானால் வேண்டாம் என்று இனேஸ் கதவைச் சாத்தினாள்.

டோம்கே லேசில் விடுகிறவள் இல்லை. மூன்றாவது தடவை போனபோது இனேஸ் தேநீர் ஊற்றினாள். கோப்பையில் போட்ட கற்கண்டு சூட்டில் வெடித்ததாம். பிறகு டோம்கே சொன்னாள்:

"பக்கத்தோட அடியில சின்ன எழுத்துல ஒரு இணைப்பு இருக்கும், அவ்வளவுதான். அதை அழுத்தினாத்தான் முகவரியே வரும். வக்கீலைத் தவிர ஒருத்தரும் அதைப் படிக்க மாட்டாங்க."

இனேஸ் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டுச் சரி என்றாள். நாலு வருஷம் ஆகிவிட்டதே, போதும் என்று நினைத்தாளாம். அதைப் பின்னால்தான் சொன்னாள்.

ஏப்ரலில் பக்கம் திறந்தது. முகம் வேண்டாம் என்று இனேஸ் சொன்னதால் டோம்கே மூன்றே படம் போட்டிருந்தாள். தையல் இயந்திரம் ஒன்று, தையல் வரிசையை மிக அருகில் எடுத்தது ஒன்று, ஜெரேனியம் தொட்டிகள் வைத்த ஜன்னல் ஒன்று. வேலை குவிந்தது. முகாமிடும் இடத்திலிருந்து கூடாரம் வந்தது, நீச்சல் உடை வந்தது, ஒரு நாள் ஒரு முழுப் படகுப் பாயே வந்தது. இனேஸ் வாசலில் நின்று எனக்குக் கையசைக்கக்கூட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமைகளில் டோம்கே தன் கடைகளின் பார்வையாளர் கணக்கைப் பார்ப்பாள். ஒரு பக்கத்தைத் திறந்ததும் உன்னைப் பின்தொடரலாமா என்று ஒரு பெட்டி கேட்குமே, அதில் எங்கள் நாட்டில் யாரும் 'அனைத்துக்கும் சம்மதம்' என்பதை அழுத்துவதில்லை. 'மறுக்கிறேன்' எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப்பிடித்து அழுத்துவார்கள். அதனால் யார் எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் பாதி தெரியாது. ஆனால் இனேஸின் பக்கத்துக்கு ஒருவர் தினமும் வந்தார். தினமும் சம்மதம் கொடுத்தார். விலைப் பட்டியலைப் பார்ப்பதில்லை. படங்களைப் பார்ப்பார், அடியிலிருந்த சின்ன எழுத்தை அழுத்துவார், முகவரியில் கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். ஊர் கொட்புஸ்.

"நம்ம இனேஸுக்கு ஊர்ல ஒரு ரசிகர் இருக்கார் போல" என்று டோம்கே என்னிடம் சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மே மாதம் முதல் விமர்சனம் வந்தது. ஐந்து நட்சத்திரம். 'ஒரு பழைய நண்பர்' என்ற பெயரில். "தையல் மாறவே இல்லை. ஜன்னலில் ஜெரேனியம் வைக்கும் பழக்கமும் மாறவில்லை. மகிழ்ச்சி."

டோம்கே வழக்கம்போல இனேஸின் பெயரில் உடனே பதில் போட்டாள். "உங்கள் அன்பான வார்த்தைகளுக்கு நன்றி. எங்கள் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும். விரைவில் சந்திப்போம்."

இரண்டு நாள் கழித்து அந்த விமர்சனத்தின் கீழே ஒரு வரி கூடியிருந்தது. "அழைத்ததற்கு நன்றி. வருகிறேன்."

அதையெல்லாம் நல்ல தாளில் அச்செடுத்துக்கொண்டு டோம்கே அணைத்தெருவுக்கு வந்தாள், பரிசு கொடுப்பதுபோல. இனேஸ் நின்றபடியே படித்தாள். கத்தரியை மேசையில் வைத்தாள். இஸ்திரிப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். ஜன்னலிடம் போய் திரையை இழுத்து விட்டாள். எதிரே கடையிலிருந்து நான் அதைப் பார்த்தேன். பகல் பதினோரு மணிக்கு எதற்குத் திரை என்று நினைத்தேன்.

உள்ளே அவள் டோம்கேயிடம் சொன்னதை டோம்கே பிறகு எனக்குச் சொன்னாள். அவன் பெயர் ஃபோல்க்மார் பெட்ரிக். நில அளவையாளர். ஒன்பது வருஷம் அவனோடு இருந்தாள். அவன் குரலை உயர்த்தியதே கிடையாது. அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். இரண்டு விரல்களையும் கார்க் கதவில் வைத்து மூடினான், ஒன்றை ஒரு நாள், மற்றதை இரண்டு நாள் கழித்து. இடையில் ஒரு நாள் அவளுக்குக் கொடுத்தானாம், யோசிக்க. அவள் தப்பி வந்து பழைய குடும்பப் பெயரைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

"பதிவு அலுவலகத்துல என் முகவரியைப் பூட்டி வச்சிருந்தாங்க. யார் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டாங்க" என்றாள் இனேஸ். "நீங்க கேட்டீங்க. நானே குடுத்துட்டேன்."

டோம்கே அச்செடுத்த தாளை மடித்துப் பையில் செருகினாள். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து கணக்கைப் பார்த்தாள். ஆறு வாரமாகக் கொட்புஸ், கொட்புஸ், கொட்புஸ். போன வியாழன் அதற்கு மேற்கே மாக்டபூர்க். சனிக்கிழமை ஹனோவர். நேற்று ஓல்டன்பூர்க். அங்கிருந்து எங்கள் ஊருக்கு மதிய உணவுக்கு முன்னால் வந்துவிடலாம்.

அன்றைக்கே பக்கத்தை இறக்கினாள். ஆனால் இறக்கினால் போய்விடுகிற காரியமா? எந்தெந்த முகவரிப் பட்டியல்களில் இனேஸின் பெயர் வரவேண்டும் என்று பாடுபட்டாளோ அவை எல்லாம் அதைப் படியெடுத்து வைத்திருந்தன. முப்பத்தேழு இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒவ்வொன்றிலும் 'பதினான்கு வேலை நாட்களுக்குள் பரிசீலிப்போம்'. அந்த விமர்சனத்தை நீக்கச் சொல்லி அது வந்திருந்த தளத்துக்கு எழுதினாள். எந்த விதியையும் மீறவில்லை என்று பதில் வந்தது. பாராட்டில் என்ன மீறல்?

காவல் நிலையத்தில் ஹில்கோ மைன்ட்ஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். டோம்கேயோடு பள்ளியில் படித்தவன், நல்லவன்தான். "பாராட்டினதுக்கு ஒருத்தனைப் பிடிக்க முடியாது டோம்கே. அவன் இன்னும் ஒண்ணும் செய்யலையே" என்றான். நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம், ஆனால் வாரக்கணக்காகும் என்றான். பெண்கள் காப்பகத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தான்.

அடுத்த நாள் காலையில் டோம்கேயின் மின்னஞ்சலுக்கு ஒரு முன்பதிவு வந்தது. கடலைத் தடுக்கும் அணையோரம் விடுமுறை வீடு வாடகைக்கு விடும் என்னோவின் பக்கத்தையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஒருவர். இரண்டு வாரம். சனிக்கிழமையிலிருந்து. பெயர் பெட்ரிக். மறைக்கவே இல்லை. குறிப்புப் பகுதியில், "அமைதியான ஊர் என்று கேள்விப்பட்டேன்" என்று எழுதியிருந்தான்.

என்னோ அதை ரத்து செய்யச் சொன்னார். டோம்கே மறுத்துவிட்டாள். "ரத்து செஞ்சா நமக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவனுக்குத் தெரியும். அப்புறம் என்னிக்கு வருவான்னு நமக்குத் தெரியாது. இப்பவாவது நாள் தெரியுது."

வியாழக்கிழமை மதியம் காப்பகத்தின் கார் பின்பக்கச் சந்தில் வந்து நின்றது. இரண்டு பை, ஒரு தையல் இயந்திரம். எந்த ஊர் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இந்த முறை கேட்காமல் இருந்தது சரி. கிளம்பும்போது இனேஸ் என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். டோம்கேயைப் பார்க்காமலே காரில் ஏறிவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, கண்ணாடியை இறக்கி, "உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள். ஆறுதலா குற்றச்சாட்டா என்று டோம்கே இன்னும் யோசிக்கிறாள்.

அன்று சாயங்காலம் டோம்கே எங்கள் நாலைந்து பேரை ரொட்டிக்கடையில் கூட்டினாள். இனேஸ் இங்கேதான் இருக்கிறாள் என்று அவன் நம்பும்வரை வேறெங்கும் தேடமாட்டான் என்பது அவள் கணக்கு. பக்கத்தைத் திரும்ப ஏற்றிவிட்டாள். முகவரி மட்டும் மாறியிருந்தது. துணிகள் இனி இங்கே பெற்றுக்கொள்ளப்படும் என்று தன் வீட்டு முகவரியைப் போட்டிருந்தாள். அப்புறம், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, எங்களை விமர்சனம் எழுதச் சொன்னாள். ஹாயோ எழுதினார். என்னோ எழுதினார். நானும் எழுதினேன், "நேற்று என் கால்சட்டையை மடித்துக் கொடுத்தார், அருமையான வேலை" என்று. வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே விமர்சனம் அதுதான். எல்லாவற்றுக்கும் டோம்கே இனேஸின் பெயரில் நன்றி சொன்னாள்.

சனிக்கிழமை அவன் வந்தான். திங்கட்கிழமை மருந்துக்கடைக்கு வந்தான். மெலிந்த ஆள், துப்புரவான சாம்பல் நிற மழைக்கோட்டு, அழகான பல்வரிசை. காலில் கொப்புளம், ஒட்டுப்பட்டி வேண்டும் என்றான். நான் எடுத்துக் கொடுத்தபோது அவன் ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தச் செடிக்கு யாருங்க தண்ணி ஊத்துறது?" என்று கேட்டான்.

தெரியாது என்றேன்.

"ரொம்ப ஊத்துறாங்க. ஜெரேனியத்துக்கு அவ்வளவு ஆகாது. வேர் அழுகிடும்." நன்றி சொல்லி, வரிசையில் நின்ற கிழவருக்குக் கதவைத் திறந்து பிடித்துவிட்டுப் போனான். 

மறுநாள் டோம்கேயின் வீட்டுக்குப் போனான். அடுத்த தெருவில் ஹில்கோ காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பட்டப்பகல், பக்கத்துவீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பெட்ரிக் அந்த மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்து ஜிப் பழுது என்றான். அது பழுதாக்கப்பட்டிருந்தது, நாலு பல்லை இடுக்கியால் பிடுங்கியதுபோல. அடுத்த வெள்ளி தயாராகும் என்றாள் டோம்கே. அவன் வாசலைவிட்டு நகரவில்லை.

"உங்க பதில் படிச்சேன். அழகா எழுதியிருந்தீங்க. கதவு எப்பவும் திறந்திருக்கும்னு."

"அது எல்லாருக்கும் எழுதுறதுதான்."

"தெரியும். அவ அப்படியெல்லாம் எழுத மாட்டா" என்றான் அவன். சிரித்துக்கொண்டுதான்.

டோம்கே அந்தக் கோட்டைக் காரில் போட்டுக்கொண்டு ஔரிஹ் நகரம் வரை போய் ஒரு தையற்காரரிடம் சரிசெய்து வாங்கினாள். அந்தப் பத்து நாளும் அவன் ஊரில் நடமாடினான். அணைமேல் நடந்தான். மீன்கடையில் ரொட்டிக்கிடையில் ஹெர்ரிங் மீன் வைத்துத் தின்றான். யாரிடமும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. மீன்கடைக்காரி அவனைப் பற்றி ஒன்றும் அறியாதவள். எவ்வளவு தன்மையான மனிதர் என்று என்னிடமே சொன்னாள். ஒவ்வொரு நாள் பிற்பகலும் அணைத்தெருவில் எதிர்வீட்டுக்கு முன்னால் நின்று, பிறகு நடப்பான். நான் தண்ணீர் ஊற்றுவதைக் குறைத்தேன். அதற்கும் எனக்குப் பயமாக இருந்தது, அவன் பேச்சைக் கேட்டதுபோல ஆகிவிடுமே என்று.

வெள்ளிக்கிழமை கோட்டை வாங்க வந்தான். போட்டுப் பார்க்கவில்லை. உட்புறத்தைத் திருப்பி ஜிப்பின் ஓரத் தையலை வெளிச்சத்தில் பிடித்து, விரல் நகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வருடினான்.

"இது அவ கை இல்ல" என்றான்.

டோம்கே ரசீதை நீட்டினாள்.

"எப்பப் போனா?"

அவள் ரசீதைக் கோட்டின் பையில் செருகினாள். அவன் தலையை ஆட்டினான், ஒரு கணக்கு சரியாக வந்ததுபோல. "பரவாயில்ல. நீங்க ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க" என்றுவிட்டு, வாசல் தூணிலிருந்த வீட்டு எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். சனிக்கிழமை என்னோவின் வீட்டைப் பெருக்கித் துடைத்து, சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

தடை உத்தரவு அதற்கு மூன்று வாரம் கழித்து வந்தது. அவன் அதை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினானாம். மீறுவதற்கு அவனிடம் முகவரியே இல்லையே. இனேஸ் நலமாக இருக்கிறாள் என்று காப்பகத்திலிருந்து ஹில்கோவிடம் ஒரு தடவை சொன்னார்கள். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

டோம்கேயின் சொந்தத் தொழிலுக்கும் ஒரு பக்கம் உண்டு. ஜூலையில் அதில் ஒரு விமர்சனம் வந்தது. ஐந்து நட்சத்திரம். "தேடினால் கிடைக்கும்படி செய்வதில் இவரை மிஞ்ச ஆளில்லை. மீண்டும் இவரிடம் வருவேன்." டோம்கே அதற்குப் பதில் எழுதவில்லை. அவள் பதில் எழுதாமல் விட்ட முதல் விமர்சனம்.

அதன்பின் மூன்று வாரம் எந்த வேலையும் எடுக்கவில்லை. தொழிலையே மூடிவிடு என்று ஹில்கோ சொன்னான். மூடினால் முகவரியை எடுக்கலாம், நடத்தினால் சட்டப்படி அது அடியில் இருந்தே ஆகவேண்டும். அவள் மூடவில்லை. இனேஸின் பக்கத்தை மறுபடி இறக்கி, அவள் பெயரை ஒவ்வொரு பட்டியலாகத் துரத்தி, செப்டம்பருக்குள் முப்பத்தேழையும் அழித்தாள். புதிதாக வரும் கடைக்காரர்களிடம் விலை பேசுவதற்கு முன்னால் இப்போது ஒரு கேள்வி கேட்கிறாள். உங்களைக் கண்டுபிடிக்கக் கூடாத ஆள் யாராவது இருக்கிறார்களா? பெரும்பாலோர் சிரிப்பார்கள். புதிதாகப் பூக்கடை வைத்த ஒரு பெண் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. டோம்கே அவளைத் திரும்ப அழைக்கவும் இல்லை.

தினமும் ஒரு தடவை கொட்புஸிலிருந்து ஒருவர் டோம்கேயின் பக்கத்தைத் திறந்தார். அனைத்துக்கும் சம்மதம் கொடுத்தார். சின்ன எழுத்தை அழுத்தி முகவரியில் கொஞ்ச நேரம் நின்றார். கோடை முழுக்க, இலையுதிர் காலம் முழுக்க. அவள் வாசலில் இரண்டாவது பூட்டுப் போட்டாள். பிற்பகலில் புல் வெட்டும் சத்தம் கேட்டால் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது என்று சொல்வாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தாள். தூக்கத்துக்கான மூலிகைத் தேநீர் கேட்டாள். அந்தக் கொட்புஸ் ஆள் நின்றுவிட்டான், பதினோரு நாளாக வரவில்லை என்றாள். அப்பாடா, நல்லதாகப் போயிற்று என்றேன் நான்.

"நல்லதான்னு தெரியல கேஷே. ஒண்ணு, அவன் விட்டுட்டான். இல்லேன்னா வேற யாரோட பக்கத்தையோ பாத்துட்டிருக்கான்."

இனேஸ் எங்காவது மறுபடி தைக்கிறாளா, பெயர் எங்காவது வந்திருக்கிறதா என்று நீ தேடிப் பார்த்தாயா என்று கேட்டேன். அவள் தேடினால் பத்து நிமிஷத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அந்தப் பேரை நான் தட்டவே இல்ல" என்றாள் டோம்கே. "ஒரு தடவைகூட."

தேநீர்ப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு கதவருகே நின்றாள். எதிர்வீட்டுக் கீழ்த்தளம் இன்னும் வாடகைக்குப் போகவில்லை. தெருவில் ஆள் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.